பால் கக்கும் குழந்தை: எது இயல்பு, எது நோய், எது அவசரம்

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இரண்டு மூன்று மாதக் குழந்தையை மருத்துவரிடம் காட்டித் திரும்பும் பெற்றோரின் கையிலுள்ள சீட்டில் சில நேரம் 'ஜி.இ.ஆர்' என்றும், சில நேரம் 'ஜி.இ.ஆர்.டி' என்றும் எழுதியிருக்கும். வித்தியாசம் ஓரெழுத்துதான், ஆனால் அந்தக் கடைசி எழுத்து நோயைக் குறிப்பது. முதலாவது, இரைப்பையிலுள்ள பால் மேலேறி வருகிறது என்ற வெறும் விவரிப்பு. இரண்டாவது, அப்படி வருவதால் குழந்தைக்குக் கேடு நேர்ந்திருக்கிறது என்ற முடிவு. கைப்பேசியில் தேடினால் இரண்டும் 'ஆசிட் ரிஃப்ளக்ஸ்' என்ற ஒரே தலைப்பில் வந்து நிற்கின்றன. வீட்டுப் பெரியவர்கள் 'கக்குகிற பிள்ளை தக்கும்' என்கிறார்கள். பக்கத்து வீட்டில் 'உரம் விழுந்திருக்கும், எடுத்துவிடுங்கள்' என்கிறார்கள். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே சொட்டு மருந்து கிடைத்துவிடுகிறது. இத்தனை குரல்களுக்கு நடுவே தாய் குழம்புவதில் வியப்பில்லை.

முதலில் மூன்று சொற்கள்

இரைப்பையில் உள்ளது உணவுக்குழாய்க்குள் திரும்பி ஏறுவது எதுக்களிப்பு. அது வாய்வரை வரலாம். பாதிவழியில் நின்று திரும்ப இறங்கியும் விடலாம். வாய்வரை வந்து, குழந்தை எந்த முயற்சியும் செய்யாமல், கடைவாயில் வழிந்து சட்டையை நனைத்தால் அது கக்கல். வயிற்றுத் தசைகள் இறுகி, முகம் மாறி, உள்ளிருப்பதை வலிந்து வெளியே தள்ளுவது வாந்தி. கக்கிய குழந்தை அடுத்த நிமிடமே சிரிக்கும். வாந்தி எடுத்த குழந்தை துவளும். மருத்துவர் 'வாந்தியா, கக்கலா?' என்று கேட்பது சொல்விளையாட்டு அன்று. பதிலைப் பொறுத்து அவர் தேட வேண்டிய காரணங்களே மாறிவிடுகின்றன.

பால் ஏன் மேலே வருகிறது?

உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் வளையம் போன்ற ஒரு சுருக்குத்தசை உண்டு. விழுங்கும்போது அது திறந்து, பிறகு மூடிக்கொள்ளும். விழுங்காத நேரத்திலும் அவ்வப்போது சில நொடிகள் தளர்வது அதன் இயல்பு. பெரியவர்களுக்கு ஏப்பம் வருவது அந்தத் தளர்ச்சியில்தான். குழந்தையிடம் அதே தளர்ச்சி பாலையும் சேர்த்து வெளியே விடுவதற்குக் காரணங்கள் நான்கு.

1. உணவு முழுக்கத் திரவம். சோறு கீழே தங்கும். பால் சாய்ந்த பக்கமெல்லாம் ஓடும்.

2. அளவு. முதல் மாதங்களில் குழந்தை ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி பால் குடிக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதே கணக்கில் குடிப்பதானால் நாளுக்கு 9 லிட்டர் ஆகும்.

3. குழாயின் நீளம். பிறந்த குழந்தையின் உணவுக்குழாய் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர்தான். கொஞ்சம் மேலேறினாலே வாய் வந்துவிடுகிறது.

4. படுத்த வாழ்க்கை. பெரியவர்களின் பகலில் பெரும்பகுதி புவியீர்ப்பு உணவைக் கீழேயே வைத்திருக்கிறது. குழந்தைக்கு அந்த உதவி இல்லை.

இந்த நான்கும் நோய்கள் அல்ல, வயதின் அடையாளங்கள். குழந்தை உட்காரப் பழகி, கெட்டியான உணவு உண்ணத் தொடங்கி, குழாயும் நீளும்போது ஒவ்வொன்றாக விலகிவிடும். அமெரிக்காவில் 1997இல் வெளியான ஓர் ஆய்வின்படி, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிப்பேர் நாளுக்கு ஒருமுறையாவது கக்கினார்கள்; நான்காம் மாதத்தில் அது மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்தது; பத்து முதல் பன்னிரண்டு மாதத்தில் 5 சதவீதமாகக் குறைந்தது. நான்காம் மாத உச்சத்தைப் பெற்றோர் நினைவில் வைப்பது நல்லது. இரண்டாம் மாதத்தில் பார்த்ததைவிட நான்காம் மாதத்தில் கக்கல் கூடியிருக்கிறதே என்று மருந்து மாற்றப் போகிறவர்கள், பல வேளைகளில், தானே தணியப்போகும் ஒன்றுக்கு மருந்து தேடுகிறார்கள்.

'அமிலம்' என்ற சொல் செய்யும் குழப்பம்

பெரியவர்களின் நெஞ்செரிச்சலை வைத்துக் குழந்தையின் கக்கலைப் புரிந்துகொள்வதுதான் பெரும்பாலான தவறுகளின் வேர். பால் இரைப்பைக்குள் போனதும் அங்குள்ள அமிலத்தை ஈடுகட்டிவிடுகிறது. குடித்த பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு இரைப்பையில் இருப்பதன் புளிப்பு மிகக் குறைவு. குழந்தை இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை குடிப்பதால், மேலேறி வருவது பெரும்பாலான நேரம் அமிலமாக இல்லை; பாலாகவே இருக்கிறது.

'தயிர் தயிராகக் கக்குகிறது, செரிக்கவில்லை' என்ற கவலையும் இதனோடு சேர்ந்தது. எலுமிச்சை பிழிந்தால் பால் திரிவதைப் போல, இரைப்பைக்குள் அமிலமும் நொதிகளும் பட்டதும் பால் திரிந்தாக வேண்டும். செரிமானத்தின் முதற்படியே அதுதான். குடித்த உடனே கக்கினால் பாலாக வரும், அரைமணி கழித்துக் கக்கினால் திரிந்து வரும். திரிந்து வந்தது என்பதற்கு, பால் வயிற்றில் சிறிது நேரம் இருந்தது என்பதற்கு மேல் பொருள் இல்லை.

அழுகையின் கதையும் இதுவே. முதுகை வில்லாக வளைத்து அழும் குழந்தைக்கு நெஞ்சு எரிகிறது என்று முடிவு கட்டி அமிலத்தைக் குறைக்கும் மருந்து கொடுப்பது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. 2009இல் வெளியான ஒரு சோதனையில், பால் குடிக்கும் வேளைகளில் அழுத 162 குழந்தைகளில் பாதிப்பேருக்கு லான்சோப்ரசோல் மருந்தும், மீதிப்பேருக்கு மருந்தற்ற போலிக் கலவையும் நான்கு வாரம் கொடுக்கப்பட்டன. மருந்து பெற்ற 81 பேரில் 44 பேருக்கு நலம் கண்டது. போலிக் கலவை பெற்ற 81 பேரிலும் அதே 44 பேருக்கு நலம் கண்டது. மருந்து பெற்றவர்களிடம் நுரையீரல் தொற்று போன்ற கடுமையான பக்கவிளைவுகள் கூடுதலாக இருந்தன. அழுகை என்ற ஒற்றைக் குறியை வைத்து அமிலத்தின் மீது பழி போடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எண்கள் வேண்டியதில்லை.

இயல்பான கக்கலை அடையாளம் காண்பது

செரிமானக் கோளாறுகளை வகைப்படுத்த 2016இல் வெளியான 'ரோம் நான்கு' என்ற பன்னாட்டு வரையறையின்படி, மூன்று வாரம் முதல் பன்னிரண்டு மாதம் வரையுள்ள, மற்றபடி நலமாக இருக்கும் குழந்தை நாளுக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ, மூன்று வாரத்துக்குக் குறையாமல் கக்கினால் அது இயல்பான கக்கல். 'மற்றபடி நலமாக' என்ற சொற்களில்தான் எல்லாம் இருக்கிறது: குமட்டல் இல்லை, இரத்தம் இல்லை, மூச்சு நிற்பதில்லை, விழுங்கச் சிரமமில்லை, எடை குறையவில்லை.

இவற்றுள் வீட்டிலிருந்தே அளக்கக்கூடியது எடை ஒன்றுதான். முதல் மூன்று மாதம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் வீதம் கூட வேண்டும். ஐந்தாறு மாதத்தில் பிறப்பெடை இரண்டு மடங்காக வேண்டும். தோளில் போட்ட துண்டு எவ்வளவு நனைந்தது என்பது நம்பத்தக்க அளவன்று. இரண்டு தேக்கரண்டிப் பாலை, அதாவது 10 மில்லியை, ஒரு துண்டில் ஊற்றிப் பாருங்கள். குடித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டதாகவே தோன்றும். இதற்கு மாறாக, தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சி வரைபடம் பொய் சொல்லாது. கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ மாதந்தோறும் ஒரே தராசில், ஆடையின்றி எடை பார்த்துக் குறித்தால், அந்தக் கோடு மேலே போகிறதா, படுக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நாளுக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழிப்பதும் உள்ளே போதுமான பால் தங்குகிறது என்பதற்குச் சான்று.

எப்போது நோய் என்று சொல்வது?

எடைக்கோடு படுத்துவிட்டாலும், குழந்தை பாலைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொண்டாலும், குடிக்கும்போதெல்லாம் புரை ஏறினாலும், சளியும் இரைப்பும் திரும்பத் திரும்ப வந்தாலும் கக்கல் நோயின் எல்லைக்குள் வந்துவிட்டது என்று கொள்ளலாம். குறைமாதத்தில் பிறந்தவர்கள், மூளை நரம்புப் பாதிப்புள்ளவர்கள், உணவுக்குழாயில் பிறவிக் குறைக்காக அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோரிடம் இதற்கு வாய்ப்பு அதிகம்.

தனியே சொல்ல வேண்டிய ஒன்று, கழுத்தை ஒரு பக்கமாகத் திருகி முதுகை வளைக்கும் அசைவு. சில குழந்தைகளிடம் எதுக்களிப்பால் பால் குடித்த பின் வரும் இது வலிப்பு என்று தவறாக எண்ணப்படுவதுண்டு. கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டினால், வாய்மொழியில் அரைமணி விளக்குவதைவிட அது பயன்படும்.

பசும்பால் புரத ஒவ்வாமையும் இதே முகத்தோடு வரும். கக்கலோடு தோலில் கரப்பான், மலத்தில் சளி அல்லது இரத்தம் இருந்தால் அதை நினைக்க வேண்டும். மருத்துவர் இரண்டு முதல் நான்கு வாரம், தாய்ப்பால் குடிக்கும் குழந்தையானால் தாயின் உணவிலிருந்து பால் பொருள்களை நீக்கச் சொல்லியும், பவுடர் பால் குடிக்கும் குழந்தையானால் புரதம் உடைக்கப்பட்ட சிறப்புப் பவுடரைக் கொடுத்தும் பார்ப்பார். 'பசும்பால் சேரவில்லை, ஆட்டுப்பால் கொடுங்கள்' என்ற யோசனை இங்கே உதவாது. ஆடு, எருமைப் பால்களின் புரதமும் பெரும்பாலும் அதே ஒவ்வாமையைக் கிளப்பும். தண்ணீர் கலந்த பசும்பாலை ஒரு வயதுக்கு முன் முதன்மை உணவாகக் கொடுப்பது இரத்தசோகைக்கும் வழிவகுக்கும்.

காத்திருக்கக் கூடாதவை

கீழே உள்ளவை கக்கலின் கடுமையான வடிவங்கள் அல்ல, வேறு நோய்கள். 'கக்குகிற பிள்ளை தக்கும்' என்ற பழமொழி இவற்றுக்குப் பொருந்தாது.

1. பச்சை நிற வாந்தி. கீரையை அரைத்தது போன்ற பச்சை பித்தநீரைக் குறிக்கும். குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். முறுக்கிய குடலுக்கு இரத்தம் செல்லாமல் சில மணி நேரத்திலேயே அது அழுகத் தொடங்கும்.

2. இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள், ஒவ்வொரு முறை குடித்ததும் எட்டிப் பாயும் வாந்தி. வாந்தி எடுத்த மறுநொடியே பசியோடு மீண்டும் குடிக்கத் துடிப்பது. இரைப்பையின் வெளிவாசல் தசை தடித்து அடைபடும் நோய் இப்படித் தோன்றும். ஆண் குழந்தைகளிடம் அதிகம். அல்ட்ராசவுண்டில் தெரிந்துவிடும், அறுவையில் முழுமையாகத் தீரும்.

3. இரத்தம் கலந்த, அல்லது காபித்தூள் போன்ற வாந்தி. தாயின் மார்புக்காம்பு வெடிப்பிலிருந்து விழுங்கிய இரத்தமாகவும் இருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

4. வாந்தியோடு காய்ச்சல், எழுப்ப முடியாத சோர்வு, உச்சிக்குழி புடைத்தல், வயிறு உப்பிக் கல்லாக இருத்தல், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை.

5. ஆறு மாதத்துக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் கக்கல். ஒரு வயதைத் தாண்டியும் நிற்காத கக்கல். இவை அன்றே ஓட வேண்டியவை அல்ல, ஆனால் ஆராயப்பட வேண்டியவை.

முதல் நான்கில் எதைக் கண்டாலும் 108ஐ அழைத்து, தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கே போவது நல்லது. சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் போன்ற மலைப்பகுதிகளில் உள்ளவர்களுக்குப் பயணமே சில மணி நேரத்தைத் தின்றுவிடும் என்பதால், 'விடியட்டும் பார்ப்போம்' என்பது இந்த நான்கில், குறிப்பாகப் பச்சை வாந்தியில், ஒருபோதும் கூடாது. வாந்தி பட்ட துணியைத் துவைக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டில் செய்யத்தக்கவை

இயல்பான கக்கலுக்கு வைத்தியம் பால் கொடுக்கும் முறையிலேயே இருக்கிறது.

அளவைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுவது முதல் வழி. நான்கு கிலோ குழந்தைக்கு நாளுக்குச் சுமார் 600 மில்லி என்றால், எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 75 மில்லி. தாய்ப்பாலில் இந்தக் கணக்கு தேவைப்படாது. வயிறு நிறைந்ததும் குழந்தையே வாயை எடுத்துவிடும். சிக்கல் பெரும்பாலும் புட்டியிலும் சங்கிலும்தான் வருகிறது. ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலை வேலைக்குத் திரும்பிய தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பாட்டிமார் பால் புகட்டும் வீடுகளில், 'இன்னும் ஒரு சங்கு' என்று ஊற்றுவதும், கெட்டியாக இருக்கட்டுமென்று ஒரு கரண்டி பவுடரைக் கூட்டிப் போடுவதும் அன்பினால் நடப்பவை. இரண்டும் கக்கலைக் கூட்டும். கூடுதல் பவுடர் உடலின் நீரையும் வற்றவைக்கும். பவுடரை டப்பாவில் சொன்ன அளவிலேயே கரைக்க வேண்டும். இந்த இரு மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி; கொதிக்கவைத்தால் கிருமி சாகுமே தவிர ஃப்ளோரைடு போகாது, இன்னும் செறிவாகும். எனவே ஆழ்துளைக் கிணற்று நீரைவிட, 2013இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பயன்படுத்துவது பொருத்தம்.

பால் கொடுக்கும் நடுவிலும் முடிவிலும் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்து, பிறகு இருபது முப்பது நிமிடம் நிமிர்த்திப் பிடித்திருப்பது இரண்டாவது. குளியல், எண்ணெய்த் தேய்ப்பு, வயிற்றைச் சுற்றி இறுக்கும் துணி எல்லாம் பால் குடிக்கும் முன்பு அமைய வேண்டும். தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் மார்கழிக் குளிருக்குக் குழந்தையை இறுகச் சுற்றுவது இயல்புதான். சுற்றும்போது வயிற்றுப் பக்கம் விரல் நுழையும் இடம் இருந்தால் போதும்.

தூளியைப் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. சேலைத் தூளியில் குழந்தையின் உடல் வளைந்து, முகவாய் மார்பில் படிந்து, வயிறு மடிகிறது. மடிந்த வயிற்றின் அழுத்தம் பாலை மேலே தள்ளும். சரிந்து உட்காரவைக்கும் இருக்கைகளில் எதுக்களிப்பு கூடுவதும் இதனால்தான். வயிறு நிறைந்த கையோடு தூளியில் போடாமல் இருப்பது நல்லது. நெடுநேர உறக்கத்துக்குத் தட்டையான, கெட்டியான படுக்கையில் மல்லாந்து கிடத்துவதே பாதுகாப்பு. மல்லாந்து படுத்தால் கக்கியது மூச்சுக்குழாயில் போய்விடாதா என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் அமைவதால், எதிர்த்து வந்த பால் மேட்டில் ஏற வேண்டியிருக்கிறது. குப்புறப் படுக்கவைத்தால் கக்கல் குறையும் என்பது உண்மைதான். ஆயினும் உறக்கத்தில் திடீர் மரணத்தின் அபாயம் அதில் கூடுவதால், அந்த ஆதாயம் வேண்டாம். தலையணை வைத்து உயர்த்துவதாலும் பயன் இல்லை.

கேழ்வரகு நம் மண்ணின் தானியம். ஊறவைத்து, அரைத்து, வடித்துக் காய்ச்சிய கேழ்வரகுப் பால் ஆறு மாதத்துக்குப் பின் நல்ல தொடக்க உணவு. கக்கலை நிறுத்த மூன்றாம் மாதத்திலேயே அதைப் புகட்டுவது வேறு விஷயம். பவுடர் பாலை மருத்துவர் சொற்படி கெட்டியாக்கிக் கொடுத்தால் வெளியே தெரியும் கக்கல் குறையும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு அது தேவையில்லை.

தவிர்க்க வேண்டிய கைவைத்தியங்கள்

உரம் எடுப்பதாகச் சொல்லிக் குழந்தையைத் துணியில் போட்டு உருட்டுவதும் தலைகீழாகப் பிடித்து உலுக்குவதும் மூளையில் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடியவை. எதுக்களிப்புக்கு அதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை. சளி எடுப்பதென்று தொண்டைக்குள் விரல் விடுவதும், மூக்கில் எண்ணெய் விடுவதும் நுரையீரலைக் கெடுக்கும். வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவுவது தலைமுறைப் பழக்கம். அதிலுள்ள ஆசரோன் என்ற பொருள் நச்சுத்தன்மை உடையது. தேனில் உள்ள நுண்ணுயிர் வித்துகள் ஒரு வயதுக்குள் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோயைத் தரலாம். கிரைப் வாட்டர் 1851இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் உருவான கலவை. கக்கலை அது தீர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை, ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்ற விதிக்கும் அது விலக்கன்று. இவற்றையெல்லாம் செய்த வீடுகளில் கக்கல் நின்றதும் உண்மைதான். நான்காம் மாத உச்சத்துக்குப் பிறகு எதைச் செய்தாலும் நிற்கும்.

மருந்துகளின் இடம்

இயல்பான கக்கலுக்கு மருந்து இல்லை, தேவையும் இல்லை. ஓமெப்ரசோல் வகை மருந்துகள் கக்கலை நிறுத்துவதில்லை. கக்கியதிலுள்ள அமிலத்தை மட்டும் குறைக்கின்றன. உணவுக்குழாயில் புண் உண்டாகியிருந்தால் நான்கு முதல் எட்டு வாரம் அவை தேவைப்படலாம். அமிலத்தைக் குறைக்கும் இன்னொரு மருந்தான ரானிடிடினில் என்.டி.எம்.ஏ என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு காணப்பட்டதால் 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

நம் ஊரில் அதிகம் புழங்குவது டாம்பெரிடோன் சொட்டு மருந்து. இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கும் அபாயத்தாலும், சிறுவர்களிடம் பயன் நிறுவப்படாததாலும், குமட்டல், வாந்திக்கு 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதைத் தரும் அனுமதி 2019இல் பிரிட்டனில் நீக்கப்பட்டது. வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோப்ரமைடு மருந்தை ஒரு வயதுக்குள் கொடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் அறிவித்தது; கழுத்தும் நாக்கும் இழுத்துக்கொள்ளும் பக்கவிளைவு அதற்கு உண்டு. மூத்த குழந்தைக்கு எழுதிக் கொடுத்த சீட்டை வைத்து இளைய குழந்தைக்கு வாங்குவது குறிப்பாக ஆபத்தானது, ஏனெனில் சொட்டு மருந்திலும் சிரப்பிலும் மருந்தின் செறிவு ஒன்றாக இருப்பதில்லை.

மருத்துவரிடம் போகுமுன்

ஸ்கேன், எண்டோஸ்கோபி, 24 மணி நேர அமில அளவீடு ஆகியவை பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேவைப்படுவதில்லை. பெற்றோர் சொல்லும் விவரமே நோயறிதலின் பெரும்பகுதி. இரண்டு மூன்று நாள் ஒரு தாளில் பால் குடித்த நேரமும் அளவும், கக்கிய நேரமும் நிறமும், வழிந்ததா பாய்ந்ததா என்பதும், சிறுநீர் கழித்த எண்ணிக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். கொடுத்த எல்லா மருந்துகளையும், கைவைத்தியம் உட்பட, மறைக்காமல் எழுதுங்கள். எடை குறிக்கப்பட்ட தாய் சேய் நல அட்டையை அந்தத் தாளோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.